உடம்புக்கு ஒன்றுமில்லை என்கிற அம்மாவுக்கு எதற்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை?

கேள்வி: எனக்கு 33 வயது, திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. அம்மாவுக்கு 54, ஒட்டன்சத்திரம் பக்கம் கிராமத்தில் இருக்கிறார். வீட்டுக்கு வந்து பிரஷர், சுகர் பார்க்கிற அக்கா, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வரச் சொல்லி மூன்று தடவை சொல்லிவிட்டார். அம்மா போகவில்லை. "எனக்கு என்ன நோவு? சும்மா இருக்கிற உடம்பை எதுக்குப் போய் நோண்டணும்?" என்கிறார். இங்கே ஒரு லேபில் 7,000 ரூபாய்க்கு எல்லாப் புற்றுநோயையும் கண்டுபிடிக்கிற பேக்கேஜ் இருக்கிறதாம். அதை எடுத்துவிட்டால் போதாதா? என் மகளுக்கு 11 வயது. அவளுக்குத் தடுப்பூசி போடலாமா?

பதில்:

26 வருடம் அரசு மருத்துவமனைகளில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். கடைசி 9 வருடம் இந்தப் பரிசோதனை செய்கிற அறையில்தான் கழிந்தது. உங்கள் அம்மா கேட்டதை நான் கேட்காத நாளே கிடையாது. விவரம் தெரியாமல் கேட்கிறார்கள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. வலித்தால்தான் ஆஸ்பத்திரி, காய்ச்சல் வந்தால்தான் ஊசி என்றுதான் நாம் எல்லோரும் வளர்ந்தோம். அந்தக் கணக்குக்கு அடங்காத நோய் இது. ஏன் அடங்காது என்று அம்மாவுக்குப் புரிந்துவிட்டால் வற்புறுத்தவே வேண்டியிருக்காது.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் கிட்டத்தட்ட எல்லாமே ஹெச்.பி.வி. என்ற வைரஸால் வருகிறது. இதைக் கண்டுபிடித்த ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். தாம்பத்திய உறவில் பரவுகிற வைரஸ். கல்யாணமான பெண்களில் பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வந்து போயிருக்கும். சளி பிடித்து விடுவது போல, ஒன்றிரண்டு வருடத்தில் உடம்பே அதைத் துரத்திவிடும். சிலருக்கு மட்டும் போகாமல் தங்கிவிடுகிறது. தங்கினால் உடனே புற்றுநோய் வந்துவிடாது. கர்ப்பப்பை வாயின் மேல்தோலில் உள்ள செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். அந்த மாற்றம் புற்றாக முற்றுவதற்குப் பொதுவாக 10 முதல் 20 வருடம் பிடிக்கும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு இன்னும் சீக்கிரம்.

அந்தப் பத்து, இருபது வருடமும் பெண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. வலி கிடையாது, ரத்தம் கிடையாது, உடம்பு மெலியாது. காட்டு வேலைக்குப் போவார், பேரப்பிள்ளையைத் தூக்குவார். அம்மா சொல்கிற "சும்மா இருக்கிற உடம்பு" என்பது சரியாக இந்தக் காலம்தான். நாங்கள் தேடுவதும் இந்தக் காலத்தில் இருக்கிற மாற்றத்தைத்தான். புற்றுநோயைத் தேடுவதாக நினைத்துக்கொண்டு பயப்படுகிறார்கள். புற்றாக மாறுவதற்கு முன்னால், ஒரு நிமிடத்தில் அகற்றிவிடக்கூடிய தோல் மாற்றத்தைத் தேடுகிறோம். ரத்தம் வந்த பிறகு, நாற்றத்தோடு வெள்ளைப்பட்ட பிறகு வருகிறவர்களுக்குச் செய்வது வேறு. பயாப்சி, ஸ்கேன், பிறகு மதுரைக்குப் போய் வாரம் ஐந்து நாள் வீதம் ஐந்து வாரம் கரண்ட் (வெளியிலிருந்து கொடுக்கிற கதிர்வீச்சு) வைப்பது, அது முடிந்ததும் உள்ளே குழாய் வைத்துக் கொடுக்கிற கதிர்வீச்சு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைச் செலவு அடங்கிவிடும். ஐந்து வாரம் கூட யார் இருப்பது, மாட்டை யார் பார்ப்பது என்பதற்குக் காப்பீடு கிடையாது.

அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்று அம்மாவுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தெரியாததால் வருகிற பயம்தான் பாதி. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன், அப்படியே படித்துக் காட்டுங்கள்.

ஒரு மேசை, சுற்றிலும் துணித் திரை, ஒரு நர்ஸ். ஆண்கள் யாரும் உள்ளே வரமாட்டார்கள். சேலையை அவிழ்க்க வேண்டியதில்லை, தூக்கிவிட்டுப் படுத்தால் போதும், மேலே ஒரு துணி போட்டு மூடிவிடுவோம். பிரசவத்துக்குப் படுத்த மாதிரி காலை மடக்கி வைக்க வேண்டும். ஸ்பெகுலம் என்று வாத்து மூக்கு மாதிரி ஒரு கருவி. அதை உள்ளே வைத்து விரித்தால் கர்ப்பப்பை வாய் தெரியும். இரும்புக் கருவி சில்லென்று இருந்தால் உடம்பு இறுகிக்கொள்ளும், அப்போதுதான் வலிக்கும். நான் எப்போதும் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துத்தான் எடுப்பேன். "அம்மா, வாயைத் திறந்து மூச்சு விடுங்க, இடுப்பை மேசைமேல விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு ஒரு கணம் காத்திருந்தால், தானாகத் தளர்ந்து கொடுக்கும். பஞ்சை வினிகரில் நனைத்துக் கர்ப்பப்பை வாயில் தடவி, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் காத்திருப்போம். கடையில் விற்கிற காடி மாதிரிதான், ஏறத்தாழ 5 சதவீத அசிட்டிக் அமிலம். சிலருக்கு இலேசாகக் காந்தும், பலருக்கு அதுவும் இருக்காது.

அந்த ஒரு நிமிடத்தில் நடப்பதுதான் பரிசோதனை. மாறிப்போன செல்களில் உட்கரு பெரியது, புரதம் அதிகம். அமிலம் பட்டதும் அந்தப் புரதம் திரண்டு வெளுக்கும். பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரிகிற மாதிரி. நல்ல இடம் இளஞ்சிவப்பாக அப்படியே இருக்கும். மாறின இடம் மட்டும் ஓரம் தெரிகிற மாதிரி பளிச்சென்று வெள்ளையாகிவிடும். டார்ச் வெளிச்சத்தில் வெறுங்கண்ணால் தெரியும். இதற்குப் பெயர் வி.ஐ.ஏ. மொத்தமே பத்து நிமிடம். முடிந்ததும் எழுந்து பஸ் ஏறிப் போய்விடலாம்.

இந்த எளிய சோதனை உண்மையிலேயே உயிரைக் காக்குமா என்பதை உலகத்துக்குக் காட்டிய இடம் உங்கள் அம்மா ஊர்ப் பக்கம்தான். ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் அம்பிளிக்கை என்ற ஊரில் ஒரு சமுதாய மருத்துவமனை இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு, பிரான்ஸில் லியோன் நகரத்தில் இருக்கிற சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் டாக்டர் சங்கரநாராயணன் தலைமையில், அங்கிருந்து திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 30 முதல் 59 வயதுப் பெண்கள். 114 கிராமத் தொகுதிகளில் பாதிக்கு வினிகர்ப் பரிசோதனை, மீதிக்கு வழக்கமான மருத்துவ வசதி மட்டும். பரிசோதிக்காத கிராமங்களை அப்படியே விட்டது சரியா என்ற கேள்வி பின்னாளில் மருத்துவ உலகில் பலமாக எழுந்தது. எழுந்திருக்க வேண்டிய கேள்விதான். ஆய்வு சொன்ன பதில் என்னவோ மறுக்க முடியாதது. கூப்பிட்ட 49,311 பெண்களில் 31,343 பேர் வந்தார்கள். ஏழு வருடக் கணக்கில், பரிசோதனை நடந்த தொகுதிகளில் நோய் 25 சதவீதமும், அந்த நோயால் இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தது. 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. உங்கள் பாட்டிக்கு அப்போது அந்த வயதாக இருந்தால் கேட்டுப் பாருங்கள், அவரே போய் வந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

அந்த ஆய்வில் என்னை எப்போதும் நிறுத்தி வைப்பது இன்னொரு எண். 3,088 பேருக்கு வெள்ளைத் திட்டு தெரிந்தது. பத்தில் ஒருவர். அவர்களில் 3,052 பேருக்கு கால்போஸ்கோப்பி என்கிற உருப்பெருக்கிப் பரிசோதனை செய்து முடித்துவிட்டார்கள். 36 பேர்தான் விடுபட்டார்கள். நம் ஊரில் எந்தத் திட்டத்தில் இப்படி நடக்கும்? அதற்குக் காரணம் இருந்தது. பயிற்சி பெற்ற நர்ஸ்களே சோதித்தார்கள், அதே இடத்தில் அவர்களே கால்போஸ்கோப்பி பார்த்தார்கள், தேவைப்பட்டவர்களுக்கு அன்றைக்கே உறைய வைத்து அகற்றுகிற சிகிச்சையும் கொடுத்தார்கள். "அடுத்த வாரம் வாங்க" என்பது இல்லை.

அந்த "அடுத்த வாரம் வாங்க" எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நான் ஓர் அம்மாவிடம்தான் படித்தேன். 47 வயது, நூறு நாள் வேலைக்குப் போகிறவர். என் கையால்தான் சோதித்தேன். கடிகாரத்தில் பன்னிரண்டு மணி இருக்கும் இடத்தைப் போல, மேல் ஓரத்தில் ஒரு திட்டு. சிறியது, நன்றாகத் தெரிந்தது. எங்கள் நிலையத்தில் அப்போது சிகிச்சைக் கருவி கிடையாது. சீட்டு எழுதிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். போனார். அன்றைக்கு டாக்டர் லீவு. மறுபடி போனார். கருவி பழுது, திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். திங்கட்கிழமை கண்மாய் வேலைக்குப் பெயர் வந்திருந்தது. மூன்றாவது தடவை அவர் போகவில்லை. நான்கு வருடம் கழித்து என் அறைக்கு வந்தபோது, உட்கார முடியாமல் நின்றுகொண்டே பேசினார். சுருக்குப் பையைத் திறந்து வெற்றிலைக்கு நடுவிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து நீட்டினார். எட்டாக மடித்து, மடிப்பில் கிழிந்து, சுண்ணாம்புக் கறையோடு, என் கையெழுத்து. பத்திரமாக வைத்திருந்தார். "நீங்க குடுத்ததும்மா" என்றார்.

அதற்குப் பிறகு சீட்டு மட்டும் கொடுத்து யாரையும் நான் அனுப்பியதில்லை. போன் நம்பர் வாங்கி வைத்துக்கொள்வேன், டாக்டர் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏற்றுவேன். உங்களிடமும் இதைத்தான் கேட்கிறேன். அம்மாவைப் பரிசோதனைக்கு அனுப்புவதில் காட்டுகிற அக்கறையைப் போல இரண்டு மடங்கை, முடிவு வந்த பிறகு என்ன செய்தார்கள் என்பதில் காட்டுங்கள். "நார்மல்" என்றால் அடுத்தது எப்போது என்று கேளுங்கள். அரசுத் திட்டத்தில் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை. "பாசிட்டிவ்" என்றால், எங்கே, எந்தக் கிழமை, யாரைப் பார்க்க வேண்டும் என்பதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு நீங்களே கூடப் போங்கள். ஒரு நாள் சம்பளம் போகும். போகட்டும்.

பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. வெள்ளைத் திட்டு புண்ணாலும் தொற்றாலும் வரலாம். உண்மையான செல் மாற்றமாக இருந்து, அது சிறியதாக, முழுதும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருந்தால், இப்போது தெர்மல் அப்லேஷன் என்று ஒரு கருவி வந்திருக்கிறது. கையில் பிடிக்கிற அந்தக் கருவியின் முனை 100 டிகிரிக்குச் சூடாகும். அதை அந்த இடத்தில் ஒரு நிமிடத்துக்குள் வைத்து எடுத்தால் மாறின செல்கள் செத்துவிடும். அந்த இடத்தில் சூட்டை உணருகிற நரம்பு குறைவு, அதனால் சுடுவது போலத் தெரியாது. மாதவிலக்கு வலி மாதிரி அடிவயிற்றில் சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு சில வாரம் தண்ணீர் மாதிரி போகும், நான்கு வாரம் உறவு கூடாது, ஒரு வருடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். திட்டு பெரியதாக இருந்தால், உள்ளே போயிருந்தால், அந்த இடத்தை மட்டும் கம்பி வளையத்தால் வெட்டி எடுப்பார்கள். கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம் என்று யாராவது எடுத்த எடுப்பில் சொன்னால் இன்னொரு டாக்டரைப் பாருங்கள்.

இனி உங்கள் அம்மாவின் வயதுக்கான விஷயம். இதைப் பல இடங்களில் சொல்ல விட்டுவிடுகிறார்கள். 54 என்றால் அநேகமாக மாதவிலக்கு நின்றிருக்கும். கர்ப்பப்பை வாயின் வெளித்தோலும் உள்தோலும் சந்திக்கிற கோட்டில்தான் செல் மாற்றம் தொடங்கும். மாதவிலக்கு நின்ற பிறகு அந்தக் கோடு கர்ப்பப்பை வாயின் துளைக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வினிகர் தடவி என்ன பயன்? நல்ல நர்ஸ் அதைப் பார்த்ததுமே சொல்லிவிடுவார். அந்த வயதுக்கு ஹெச்.பி.வி. பரிசோதனை பொருத்தமானது, அது இல்லாவிட்டால் பாப் ஸ்மியர், அதாவது கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களைத் தடவி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது. ஹெச்.பி.வி. பரிசோதனை வைரஸ் இருக்கிறதா என்றே பார்த்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2021-இலிருந்து இதைத்தான் முதல் பரிசோதனையாகச் சொல்கிறது, 30 வயதிலிருந்து 5 முதல் 10 வருடத்துக்கு ஒரு தடவை. மகாராஷ்டிரத்தில் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1,31,746 பெண்களை வைத்து நடந்த ஆய்வில், வாழ்நாளில் ஒரே ஒரு தடவை ஹெச்.பி.வி. பரிசோதனை செய்ததிலேயே இந்த நோயால் வருகிற இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இன்னொரு வசதியும் உண்டு. இதற்கான மாதிரியைப் பெண்ணே பஞ்சுக் குச்சியால் எடுத்துக் கொடுக்கலாம், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு. மேசையில் படுக்கவே மாட்டேன் என்கிற அம்மாக்களுக்கு நான் இதைச் சொல்லியிருக்கிறேன். உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் அந்த வசதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

"எனக்குக் கர்ப்பப்பையே எடுத்தாச்சு" என்று சொல்கிறவர்கள் நம் பக்கம் நிறைய. கட்டிக்காக, அதிக ரத்தப்போக்குக்காக எடுத்திருப்பார்கள். வாயோடு சேர்த்து எடுத்திருந்தால், எடுத்ததற்குக் காரணம் புற்றோ அதன் முந்தைய நிலையோ இல்லை என்றால், இந்தப் பரிசோதனை வேண்டாம். வாயை விட்டுவிட்டு மேல் பகுதியை மட்டும் எடுத்திருந்தால் வேண்டும். அது டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கும், தேடிப் பாருங்கள். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும் பரிசோதனை தேவைதான்.

ஹெச்.பி.வி. பாசிட்டிவ் என்று வந்தால் வீட்டில் கிளம்புகிற பேச்சு ஒன்று இருக்கிறது. உறவில் பரவுகிற வைரஸ் என்று தெரிந்ததும் "யாருகிட்ட இருந்து?" என்று கேட்பார்கள். ஒரு வீட்டில் சண்டையே வந்து, அந்தப் பெண் சிகிச்சைக்கு வராமல் போனாள். இந்த வைரஸ் பல வருடம் சத்தமில்லாமல் தங்கியிருக்கும். இருபது வருடத்துக்கு முன்னால் வந்தது இன்றைக்குத் தெரியலாம். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்பதை எந்தப் பரிசோதனையும் சொல்லாது. பரிசோதனைக்கு முன்பே இதை வீட்டில் சொல்லி வைத்துவிடுவது நல்லது.

ஒரே ஒரு எச்சரிக்கை. உறவுக்குப் பின் ரத்தம், மாதவிலக்குக்கு நடுவில் ரத்தம், மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆனபின் ஒரு சொட்டுக் கறை, நாற்றத்தோடு வெள்ளைப்படுதல். இதில் எது இருந்தாலும் முகாமுக்காகக் காத்திருக்காமல் நேராகப் பெண் மருத்துவரிடம் போங்கள். "மறுபடியும் தூரமாயிட்டேன் போல" என்று சிரித்துக்கொண்டே சொன்ன அறுபது வயது அம்மாக்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்குகிறது. நின்ற மாதவிலக்கு திரும்ப வராது. வந்தால் காரணம் பார்க்க வேண்டும்.

அடுத்தது அந்த 7,000 ரூபாய் பேக்கேஜ். வேண்டாம். எல்லாப் புற்றுநோயையும் ரத்தத்தில் கண்டுபிடிக்கிற பரிசோதனை இன்றைக்கு இல்லை. அந்தப் பேக்கேஜில் சி.ஏ. 125, சி.இ.ஏ. என்று சில ரத்தச் சோதனைகளை எழுதியிருக்கும். நோய் இருப்பது தெரிந்த பிறகு, சிகிச்சை வேலை செய்கிறதா என்று பார்க்கப் பயன்படுகிறவை அவை. நோயில்லாதவருக்கும் ஏறிக் காட்டும், நோயிருக்கிறவருக்கும் சில சமயம் நார்மல் என்று காட்டும். மாதவிலக்குச் சமயத்திலேயே சி.ஏ. 125 கூடலாம். புகைக்கிறவருக்கு சி.இ.ஏ. கூடுதலாக இருக்கும். ஏறியிருந்தால் ஸ்கேன், அதில் ஏதோ தெரிந்தால் இன்னொரு ஸ்கேன் என்று மூன்று மாதம் தூக்கம் போகும். நார்மல் என்று வந்தால் இன்னும் மோசம், "எல்லாம் பார்த்தாச்சு" என்று கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடுவார்கள். கர்ப்பப்பை வாயை ரத்தத்தில் பார்க்க முடியாது.

அந்தப் பணம் இல்லாமலே, கர்ப்பப்பை வாயைச் சோதிக்கிற அதே நாளில், அதே நலவாழ்வு மையத்தில் அம்மாவுக்கு இன்னும் இரண்டைச் செய்துவிடலாம். ஒன்று, நர்ஸ் கையால் மார்பகத்தைச் சோதிப்பது. மும்பையில் ஒன்றரை லட்சம் பெண்களை இருபது வருடம் பின்தொடர்ந்த ஆய்வில், இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் கையால் சோதித்ததில், 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. 50-க்குக் கீழே அப்படிக் குறையவில்லை. அம்மாவின் வயதுக்குப் பொருந்துகிற முடிவு இது. வலிக்காத கட்டி என்றால் பயமில்லை என்று நினைப்பார்கள். கல் மாதிரி கெட்டியாக, வலிக்காமல் இருக்கிற கட்டியைத்தான் உடனே காட்ட வேண்டும்.

இரண்டாவது வாய். அம்மா வெற்றிலை போடுவாரா என்று நீங்கள் எழுதவில்லை. போடுவார் என்றால், புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு மட்டுமே புற்றுநோய் உண்டாக்கும் என்று 2004-லேயே சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்திவிட்டது. நல்ல வெளிச்சத்தில் கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் ஓரம், நாக்குக்கு அடியில் பாருங்கள். துடைத்தால் போகாத வெள்ளைப் படலம், வெல்வெட் மாதிரி சிவந்த திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண். மூன்று விரலைச் செங்குத்தாக வைக்கிற அளவுக்கு வாய் திறக்கவில்லை என்றாலும் காட்ட வேண்டும். திருவனந்தபுரம் பக்கம் 13 பஞ்சாயத்துகளை எடுத்துச் செய்த ஆய்வில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் வாயைப் பார்த்ததாலேயே, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடம் வாய்ப் புற்றுநோய் இறப்பு 34 சதவீதம் குறைந்தது. வீட்டில் பீடி குடிக்கிற ஆண்கள் இருந்தால் அவர்கள் வாயையும் அதே டார்ச்சில் பார்த்துவிடுங்கள்.

மகளுக்குத் தடுப்பூசி: போடுங்கள். 11 மிகச் சரியான வயது. வைரஸ் உடம்புக்குள் வருவதற்கு முன் போட்டால்தான் முழுப் பலன், அதனால்தான் 9 முதல் 14 என்று வைத்திருக்கிறார்கள். ஹெச்.பி.வி.யில் பல வகை உண்டு. 16, 18 என்ற இரண்டு வகைதான் பத்தில் ஏழு கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம். எல்லாத் தடுப்பூசியும் இந்த இரண்டையும் தடுக்கும். வெளிநாட்டு கார்டாசில் கொஞ்சம் விலை கூடுதல். புனேயின் சீரம் நிறுவனம் தயாரித்த செர்வாவாக் 2023-லிருந்து கிடைக்கிறது. இங்கிலாந்தில் 12, 13 வயதில் போட்டுக்கொண்ட பெண்களிடம் பின்னாளில் இந்தப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்திருக்கிறது. தமிழ்நாடு அரசு 2025 நிதிநிலை அறிக்கையில் 14 வயதுப் பெண் குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசியை அறிவித்தது. திருப்பூரில் உங்கள் பகுதி நகர்ப்புற சுகாதார நிலையத்தில், எந்த வயதுக்கு இப்போது கொடுக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுப் பணம் கொடுத்துப் போடுவதா என்று முடிவு செய்யுங்கள்.

எத்தனை ஊசி என்று கேட்பீர்கள். இந்த வயதில் ஆறு மாத இடைவெளியில் இரண்டு என்பது வழக்கம். ஒன்றே போதும் என்று 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஒப்புக்கொண்டது. அதற்கு வழிகாட்டிய ஆய்வுகளில் ஒன்று நம் நாட்டில், ஒருவகையில் தற்செயலாக நடந்தது. 2009-இல் இரண்டு ஊசி போதுமா, மூன்று வேண்டுமா என்று பார்க்கத் தொடங்கினார்கள். அம்பிளிக்கையும் அதில் ஒரு மையம். 2010-இல், ஆந்திரத்திலும் குஜராத்திலும் நடந்த வேறொரு தடுப்பூசித் திட்டத்தில் சில சிறுமிகள் இறந்ததால் நாடு முழுக்க எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்கள். அந்த இறப்புகளுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பு இருப்பதாக விசாரணையில் தெரியவில்லை. பெற்றோரிடம் சம்மதம் வாங்கிய முறையில் பெரிய குறைகள் இருந்தன, அது கண்டிக்கப்பட்டது, கண்டிக்கப்பட வேண்டியதும்தான். ஆய்வு பாதியில் நின்றதால் ஆயிரக்கணக்கான பெண்கள் ஒரே ஊசியோடு நின்றுபோனார்கள். பத்து வருடம் அவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, 16, 18 வகைகள் தங்கிவிடாமல் அந்த ஒரே ஊசி ஏறத்தாழ இரண்டு, மூன்று ஊசி அளவுக்கே பாதுகாப்புக் கொடுத்திருந்தது.

"ஊசி போட்டா பிள்ளைப்பேறு பாதிக்குமாமே" என்று யாராவது சொல்வார்கள். அப்படி எதுவும் இல்லை. கை வலிக்கும், சிலருக்கு ஒரு நாள் காய்ச்சல் வரும். இந்த வயதுப் பிள்ளைகள் ஊசி என்றாலே மயங்கி விழுவதுண்டு, போட்டதும் பதினைந்து நிமிடம் உட்கார வைத்துக் கூட்டி வாருங்கள். தடுப்பூசி போட்டவளும் முப்பது வயதில் பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும், மீதி வகை வைரஸ்கள் இருக்கின்றன.

உங்களைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. 33 வயது, பரிசோதனைக்கு உரிய வயதுதான். உங்கள் வயதுக்கு வினிகர்ப் பரிசோதனை நன்றாகவே வேலை செய்யும். மாதவிலக்கு முடிந்து சில நாள் கழித்து ஒரு தேதியைப் பாருங்கள், முந்தைய இரண்டு நாள் உறவும், உள்ளே வைக்கிற மருந்தும் வேண்டாம். கர்ப்பமாக இருந்தால் தள்ளிப் போடுங்கள். லீவு போட்டு ஊருக்குப் போய், அம்மாவோடு சேர்ந்து நீங்களும் அதே வரிசையில் உட்காருங்கள். என் அறைக்குத் தனியாக வரச் சொன்னபோது வராத அம்மாக்கள், "மகளுக்குத் துணைக்கு வந்தேன்" என்று வந்து, மகள் முடித்து வெளியே வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்திருக்கிறார்கள். போவதற்கு முன்னால் அந்தச் சுகாதார அக்காவுக்குப் போன் செய்து, சோதிக்கிற நர்ஸ் அன்றைக்கு இருக்கிறாரா, பாசிட்டிவ் வந்தால் சிகிச்சை அங்கேயே உண்டா, இல்லையென்றால் எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கிழமை என்று கேட்டுக்கொள்ளுங்கள். கொடுக்கிற சீட்டைப் போட்டோ எடுத்து உங்கள் போனில் வைத்துக்கொள்ளுங்கள். சீட்டு அம்மாவின் சுருக்குப் பையில் மட்டும் இருக்க வேண்டாம்.